உப்பு இருக்கிறது

ஒரேஸ்ட் ஹ்னாத்தியுக்கின் இரும்புக்கடை வாசலில்
எழுத்துகளைக் கழற்றி மாட்டும் பலகை ஒன்று உண்டு.
பனிவாரி வந்துவிட்டது, என்று நவம்பரில் சொல்லும்.
தூண்டிற்புழு கிடைக்கும், என்று மே மாதத்தில்.
பதினேழு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
தினம் இரண்டு தடவை அதைப் படித்தபடி
ஏரிச்சாலையில் திரும்புவேன்.
எனக்கும் அதற்கும் ஒரு வம்பும் இருந்ததில்லை.

மூடிக்கிடந்த மோட்டலை
போதையிலிருந்து மீள்கிறவர்கள் தங்கும் வீடாக்கலாமா என்று
ஊரைக் கேட்டார்கள் ஒரு செப்டம்பரில்.
அன்று பலகை வாய் திறந்தது:
இங்கே வேண்டாம்.
அதற்குக் கீழே,
சுத்தியல் இருபது சதவீதம் தள்ளுபடி.

என் எய்னார் அப்போது வின்னிபெக்கில்
ஒரு கட்டிலுக்காகக் காத்திருந்தான்,
வரிசையில் நாற்பத்தோராவது ஆள்.
ஒரேஸ்ட்டுக்குத் தெரியும்.
அவன் முதல் சைக்கிளின் சங்கிலியை
ஏற்றித் தந்தவரே அவர்தான்.

பிறகு ஒரு திருகாணிக்கும்
அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன்.
திருகாணி ஆறு, ஒரு டாலர் நாற்பது.
பெட்ரோல் பத்தொன்பது.
வீம்புக்கு ரசீது தருவதில்லை.
அங்கே கல்லாவில் ஆளே இல்லை, ஒரு யந்திரம்.
என் மகனைப் பற்றி அதற்கு அபிப்பிராயம் கிடையாது.
அட்டையைச் செருகு என்றது, செருகினேன்,
எடு என்றது.

சோல்வெய்க்கின் காப்பிக்கடை வேறு மாதிரி.
"இங்கே கட்சியும் இல்லை, கர்த்தரும் இல்லை,
பட்டை போட்ட ரொட்டிதான்" என்பாள்.
கடை நடத்தினால் இப்படி நடத்தணும் என்று
பேருந்துக் கொட்டகையில் எல்லோரிடமும் சொன்னேன்.

வேண்டாம், நானூற்றுப் பன்னிரண்டு.
வேண்டும், தொண்ணூற்றாறு.

மறுநாள் காலை காப்பியை நீட்டியபோது
முதல்முறையாக அவள் விரல்களைப் பார்த்தேன்.
பென்சிலை எந்தக் கட்டத்தில் வைத்த விரல்கள்?
எப்போதும் போலச் சிரித்தாள்.
அந்த எப்போதும் போல என்பதைத்தான்
விழுங்க முடியவில்லை.

ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
சமையலறைக்கு அடியில் குழாய் வெடித்தது.
இரவு பதினொன்று, நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
எந்த எண்ணைக் கூப்பிட்டேன் என்று சொல்லவும் வேண்டுமா.

வந்தார். ஈரத்தில் மண்டியிட்டார்.
"டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம்" என்றார்.
அந்த வாயிலிருந்து இடது என்று கேட்டது
அதுவே முதல் தடவை. சிரிப்பு வந்தது, அடக்கினேன்.

"அந்தத் தொண்ணூற்றாறில் நான் ஒருத்தி."
"தெரியும்."
"மனதில் இருந்ததைச் சொன்னீர்கள், சரி.
வாசலில் ஏன் சொன்னீர்கள்?
குழாய் வாங்க வருகிறவள்
கண்ணைக் கட்டிக்கொண்டா வருவாள்?"

ஸ்பானர் நின்றது.
"எய்னாருக்குக் கட்டில் கிடைத்ததா?"
"இல்லை."
ஸ்பானர் மறுபடி திரும்பியது.

எண்பத்து நான்கு டாலர் ஐம்பது.
இரவுக் கட்டணம் சேர்க்கவில்லை.
அது வருத்தமா, வழக்கமா, நான் கேட்கவில்லை.
அவரும் அதைப் பலகையில் போடவில்லை.

திருகாணிக்கு இன்னும் தூரத்துக் கடைதான்.
குழாய்க்கு ஒரேஸ்ட்.
காப்பியை வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன்,
அது மட்டும் ஏன் என்று
எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பலகையில் இப்போது,
உப்பு இருக்கிறது.
வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக்கில்
பழைய எழுத்துகள் இருந்த இடம் மட்டும்
வெளுக்காமல் தெரிகிறது.
முன் இருக்கையில் ஒன்றாம் வகுப்பு மார்த்தா,
படிக்கக் கற்றுக்கொண்ட ஜோரில்
கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக் கத்துகிறாள்:
இங்கே உப்பு வேண்டாம்!

"இருக்கிறது" என்கிறேன்,
கியரை மாற்றிக்கொண்டே.
"இருக்கிறது, கண்ணு. நல்லாப் பார்."